மிச்சக் குப்பி

1

நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று ஆண்டுகள் முடிந்த அன்று தபால்பெட்டியில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம் கிடந்தது. வாழ்த்துச் சொல்ல எழுதியிருக்க மாட்டார்கள் என்று தெரியும். தங்கும் அனுமதி முடியப் போகிறது, வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை நீட்டிப்புக் கடிதத்தோடு நேரில் வரவும் என்று இருந்தது. தலைப்பில் ‘மதிப்பிற்குரிய திருமதி கருப்பசாமி’.

கருப்பசாமி என் அப்பா. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். மாரீஸ்வரி என்ற என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றவரை இந்த நாட்டு விண்ணப்பங்கள் முழுசாக இழுத்து வந்து என் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டன. முதல் வருஷம் காத்திருப்பு அறையில் ‘ஃப்ராவ் கருப்பசாமி’ என்று, அதாவது திருமதி கருப்பசாமி என்று, ஒலிபெருக்கி கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறைதான் உறைத்தது. அதைப் போனில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏட்டி, என்னையவா கூப்பிட்டான்? இந்தக் களைய எடுத்துட்டு வாரேன்னு சொல்ல வேண்டியதுதான?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது, பெருமையாகத்தான் சொல்லுவேன். நான் எழுத வந்த விஷயத்தில் அந்தப் பெருமைக்கும் ஒரு பங்கு உண்டு. நல்ல பங்கு இல்லை.

2

அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார்கள். ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

நாய் ஒன்று திடீரென்று பின்னால் ஓடிவந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை வியர்க்கிறது. அதைச் செய்வது அட்ரினலின். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி கவிழ்த்த மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து அது வருகிறது. அந்தச் சுரப்பியின் நடுவில் இருக்கும் செல்கள் பாதி நரம்பு, பாதி சுரப்பி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அட்ரினலின் நிறைந்த நுண்ணிய பைகள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கும். நரம்பிலிருந்து உத்தரவு வந்ததும் பை செல்லின் ஓரத்துக்கு வந்து, வெளிச்சவ்வோடு ஒட்டி, வெளிப்பக்கமாகத் திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும்.

பையும் சவ்வும் இரண்டுமே கொழுப்பால் ஆனவை. பக்கத்தில் வந்துவிட்டதால் மட்டும் இரண்டும் கலந்துவிடாது. அதற்கு ஒரு நொதி உதவுகிறது. பாஸ்போலைப்பேஸ் டி என்று பெயர். சவ்வில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பின் தலையை அது நறுக்கிவிடும். மிஞ்சுவது பாஸ்பாடிடிக் அமிலம் என்ற கொழுப்பு. தலை சிறுத்தது, வால் அகன்றது. அது ஒரே இடத்தில் கூடினால் சவ்வு வளைந்து கொடுக்கும். பை திறக்கும். நொதி இல்லாவிட்டால் செல்லுக்கு உத்தரவு போனாலும் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

நான் கண்டுபிடித்ததாகச் சொன்னது இதற்கு அடுத்த படி. நொதியை நிறுத்திவிட்ட செல்களுக்கு, அந்தக் கொழுப்பிலேயே குறிப்பிட்ட ஒரு வகையை வெளியிலிருந்து கொடுத்தால் சுரப்பு பழையபடி முழுசாகத் திரும்பிவிடுகிறது. மீன் எண்ணெயில் இருப்பது போல நீளமான, பல இடத்தில் வளைந்த வால் உள்ள வகை அது. நொதி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, இந்த ஒரு கொழுப்பைத்தான் செய்கிறது என்று நேராகப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

செல்களுக்காகச் செவ்வாய்க்கிழமை காலைகளில் ஐஸ் பெட்டியோடு கசாப்புக்கூடத்துக்குப் போவேன். மாட்டின் சுரப்பி. அம்மா ஒருநாள் கேட்டாள்.

“எதோட சுரப்பிய வச்சுட்டி பாக்குத?”

“ஆட்டோடதும்மா.”

வீட்டில் அப்போது ஒரு ஜோடி காளை நின்றது. சொல்லாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது.

3

அந்தக் கண்டுபிடிப்பு போன வருஷம் கட்டுரையாக வந்தது. முதல் பெயர் என்னுடையது. கட்டுரை என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார்கள். கோட்டு போட்ட என் படம், கீழே ‘எங்கள் மண்ணின் விஞ்ஞானி’. கோட்டு என்னுடையது இல்லை. படத்தில் ஒட்டிவிட்டிருந்தார்கள். அதை எத்தனை தடவை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன் என்பதை எழுத மாட்டேன்.

இங்கே அந்தக் கட்டுரையின்மேல் இரண்டு பேருடைய வாழ்க்கை ஏறி உட்கார்ந்தது. ஒன்று என்னுடையது. எங்கள் பேராசிரியர் பிர்கிட்டுக்கு அதை வைத்துத்தான் அடுத்த ஆய்வுக்கு நிதி கிடைத்தது, எனக்கு இரண்டு வருஷ நீட்டிப்பும் அதிலிருந்துதான். வெளிநாட்டவர் அலுவலகம் கேட்ட கடிதம் அந்த நீட்டிப்புக்கானதுதான். இன்னொன்று அகாதாவினுடையது. போலந்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. என் முடிவை எடுத்துக்கொண்டு, அந்தக் கொழுப்பு பையை எந்த நொடியில் திறக்கிறது என்று அளப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட வேலை.

அகாதா அதிகம் பேசமாட்டாள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலம், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாதது. எனக்கு ஜெர்மன் இன்னும் திக்குகிறது. மரியாதை விட்டுப்போய்விடுமோ என்று பயந்து, மாடிவீட்டு நான்கு வயதுப் பெண்ணைக்கூட நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறாள். அகாதாவிடம் மட்டும் அந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

4

இனி குப்பிக்கு வருகிறேன்.

அந்தக் கொழுப்பு சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வரும். காற்றை வெளியேற்றி, கழுத்தைச் சூட்டில் உருக்கி மூடியிருப்பார்கள். கழுத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது ஒரு கரண்டி அளவுகூட வராது. உறைபெட்டிக் கதவில் பிர்கிட் ஒட்டியிருக்கும் தாளில், உடைத்த குப்பியை அன்றே பயன்படுத்து, மீதியைக் கழிவில் ஊற்று என்று எழுதியிருக்கிறது.

என்னால் ஊற்ற முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதிக்கு மேல் மிஞ்சும். அதை ஒரு சின்ன மூடிபோட்ட கண்ணாடிக் குப்பியில் சேர்த்து உறைபெட்டியின் என் மூலையில் வைத்தேன். அடுத்த மிச்சத்தை அதன்மேல். அதற்கடுத்ததை அதன்மேல். முறை கைக்குப் படியாத முதல் மாதங்களில் அப்படிச் சேர்ந்தது, பிறகு சோதனைகளுக்கெல்லாம் அதிலிருந்தே எடுத்தேன். அது மிச்சம் என்று யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்று நினைத்து மறைக்கவும் இல்லை. வீட்டில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதை யாரிடம் போய்ச் சொல்வோம்?

போன மாதம் அந்தக் குப்பி அடிதட்டியது. புதுக் குப்பியை உடைத்துச் செய்தேன். சுரப்பு திரும்பவில்லை. மறுபடி செய்தேன், திரும்பவில்லை. மூன்றாம் முறை, பழைய குப்பியின் அடியில் இருந்த கடைசிச் சொட்டுகளில் கொஞ்சத்தையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் செய்தேன். பழையதில் முழுசாக வந்தது. புதியதில் ஒன்றும் இல்லை.

கொழுப்பைச் செல்லுக்குக் கொடுக்கும் முன்னால் அது கரைந்திருக்கும் திரவத்தை ஆவியாக்க வேண்டும். புதியதில் குழாயின் அடியில் நிறமே இல்லாத ஒரு படலம். பழையதில் லேசான மஞ்சள். குனிந்தபோது ஒரு வாடை வந்தது. எண்ணெய் கெட்டால் வருகிற காறல் வாடை.

அந்த வாடையைத் தெரியாதவள் இல்லை நான். வேலையில்லாத மாதங்களில் அம்மா கோவில்பட்டிக்கு பஸ் ஏறி, கடலைமிட்டாய் போடும் இடத்தில் கடலை பொறுக்கப் போவாள். சாயங்காலம் முந்தியில் முடிந்த உடைசல் கடலையோடு வருவாள். அதைப் போட்டுவைக்க ஒரு பிஸ்கட் டப்பா. நேற்றைய உடைசல் தீராமல் இருக்கும்போதே இன்றையது அதன்மேல் விழும். அடியில் எந்த மாதத்துக் கடலை கிடந்ததோ தெரியாது. டப்பாவைத் திறந்தாலே காறும், புதுக் கடலையும் சேர்த்து. நாங்கள் அதைத் துப்பாமல் தின்றோம். அந்த டப்பாவை ஒருநாளும் யாரும் கொட்டிக் கழுவி நான் பார்த்ததில்லை.

வளைந்த வால் உள்ள கொழுப்புதான் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறும். இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்.

காறிய கொழுப்பு செல்லின் சவ்வை நைய வைத்திருக்கிறது. சும்மா வைத்திருந்தால் தாங்கும். உத்தரவு போனதும் கிழிந்து அட்ரினலின் வெளியே ஒழுகும். நைந்த சேலை கொடியில் கிடக்கும்போது கிழிவதில்லை, உதறும்போதுதான் கிழிகிறது. அந்த ஒழுக்கைத்தான் நான் சுரப்பு என்று அளந்திருக்கிறேன். ஒப்பீட்டுக்கு வைத்திருந்தது நெய் மாதிரி உறையும் வேறு வகைக் கொழுப்பு. அது லேசில் காறாது, அதனால் ஒழுகவும் இல்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

செல் உடைந்தால் மட்டுமே வெளியே வரும் வேறொரு நொதி உண்டு. திங்கட்கிழமை அதை அளந்தேன். என் குப்பியின் கொழுப்பு பட்ட செல்களிலெல்லாம் அது வெளியே கிடந்தது.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கடிதத்தில் பிர்கிட் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

5

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே பின்மதியம், மிளகாய் காயும் களத்தில் இருந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், செய்த வேலையில் பெரிய தப்பு வந்துவிட்டது, எண்ணெய் காறிப்போன மாதிரி ஒரு மருந்து கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன்.

“யாரு பார்த்தா?”

“யாரும் பார்க்கவில்லை.”

“பெறகென்ன? வாய மூடிக்கிட்டு இருட்டி. அடுத்த தடவ நல்ல மருந்தா ஊத்து.”

“அப்படி விட முடியாது அம்மா. அது வெளியில் வந்துவிட்டது. மற்றவர்கள் அதை நம்பி வேலை செய்கிறார்கள்.”

“என்னட்டி புஸ்தகத்துல எழுதுன மாதிரியே பேசுத? நீ பேசுதது எனக்கு ரேடியோ கேக்கமாரி இருக்கு.” ஆட்டை விரட்டினாள். “சொன்னா அனுப்பிருவாவளா?”

“தெரியலம்மா. அனுப்பினாலும் அனுப்பிருவாவ.”

“அப்ப எதுக்குச் சொல்லுத? அந்த ஊர்ல ஒன்ன விட்டா அத யாரு கண்டுபிடிக்கப் போறா? ஒன்ன நம்பி இவ்வளவு பேரு இங்கன பெருமையடிச்சுக்கிட்டு இருக்கோம். ஒங்க அய்யா டீக்கடையில போயி ஒக்காந்தாலே ஒம் பேச்சுதான்.”

பேச்சை மாற்ற, அந்தப் போர்டு இன்னும் பஸ் நிறுத்தத்தில் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அது எப்பவோ கழத்தியாச்சு. அத வச்சுத்தான் மிளகா அம்பாரத்த மூடி வச்சிருக்கோம். மேகம் கறுத்துக்கிட்டு நிக்கி. மழை விழுந்தா அம்புட்டும் போச்சுல்லா.”

“என் மூஞ்சி மேலயா?”

“மூஞ்சி உள்ள பாக்கமாரிதான் போட்டுருக்கோம். மேல போட்டா ஆடு ஏறி மிதிக்கும்லா.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அம்மா சொன்னது பயத்தில் சொன்னது. அதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னதைத்தான் நானும் திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்னும் நல்ல வார்த்தைகளில். வியாழக்கிழமை முடியட்டும், கடிதம் கைக்கு வரட்டும், பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று.

6

புதன்கிழமை காலை கடிதம் பிர்கிட்டின் மேஜையில் அச்சாகி இருந்தது. அவர் பத்தரைக்குத்தான் வருவார். ஆய்வகத்துச் சமையலறையில் அகாதா காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் வியாழக்கிழமைவரை தாங்காது என்று தெரிந்துவிட்டது. அவளிடம்தான் முதலில் சொன்னேன். குப்பி, மிச்சம், மஞ்சள் படலம், திங்கட்கிழமை அளந்தது, எல்லாம்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கோப்பை.

“போன வருஷக் குளிர்காலத்தில் நானே புதுக் குப்பி உடைத்துச் செய்தேன்,” என்றாள். “ஆறு தடவை. வரவில்லை.”

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னேனே. உன்னிடம்தான் சொன்னேன்.”

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மத்தியானம் அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். நான் எண்களைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தேன். உனக்குக் கை நிதானம் பத்தாது அகாதா, இது எல்லாருக்கும் வராது, என் குப்பியிலிருந்து எடுத்துச் செய், வரும் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் என் குப்பியிலிருந்து எடுத்துச் செய்தாள். வந்தது.

வந்ததும் நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. பார்த்தாயா என்றேன்.

“அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் உன் குப்பியில்தான் எடுத்தேன்,” என்றாள். “என் கையால் வருவதில்லை, உன் மருந்தால்தான் வருகிறது என்று எனக்குத் தெரியும். சோதனை செய்கிறவளுக்குக் கை இல்லாவிட்டால் இந்த வேலையில் என்ன இருக்கிறது? பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டேன். இடமும் கிடைத்துவிட்டது. கோடையோடு போகிறேன். பிர்கிட்டிடம் போன வாரம் சொன்னேன்.”

ஊரில் எட்டாவது படிக்கும்போது ஒரு பரிசோதனைக்கு நான் கொண்டுபோன விடையை ஆசிரியர் பார்க்காமலே, இவ எங்கருந்து பாத்து எழுதினா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கிருந்து வந்தவள் பார் என்று காட்டச் சொல்லும் கதை அது. அகாதாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

7

பத்தரைக்கு இரண்டு பேரும் பிர்கிட்டின் அறைக்குப் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். எத்தனை குப்பிகளின் மிச்சம்? எந்தத் தேதியிலிருந்து? கட்டுரையின் எந்தெந்தப் படங்கள் அந்தக் கொழுப்பில் செய்தவை? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறத்தான் வேண்டியிருக்கும் என்றார். மேஜையில் இருந்த கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தார்.

“இரண்டு வருஷம் என்று இனி என்னால் எழுத முடியாது. ஆறு மாதம் எழுதுகிறேன். எது தவறு, எது நிற்கும் என்று முழுசாகச் சோதித்து முடித்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது.”

அந்தக் குப்பியைக் கழிவில் ஊற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்றைக் கொட்ட வேண்டும் போல் இருந்தது. கூடாது, அது சான்று என்றார். அகாதா ஒரு சீட்டில் ‘தூக்கி எறியாதீர்கள்’ என்று எழுதி அதில் ஒட்டினாள். இப்போது அது உறைபெட்டியில் பிர்கிட்டின் தாளுக்கு நேர் உள்ளே இருக்கிறது.

வியாழக்கிழமை ‘ஃப்ராவ் கருப்பசாமி’ என்று கூப்பிட்டதும் முதல் தடவையிலேயே எழுந்துவிட்டேன். கடிதத்தைப் பார்த்த அதிகாரி, போன தடவை இரண்டு வருஷம் கேட்பதாகச் சொன்னீர்களே, இப்போது ஏன் ஆறு மாதம் என்று கேட்டார். என்னிடமிருந்த ஜெர்மனில், ஒரு தவறைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் விண்ணப்பத்தில் உள்ள எழுத்துப்பிழை என்று நினைத்து மறுபடி எல்லாப் பக்கங்களையும் புரட்டினார். விளக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு காகிதம் கொடுத்தார்.

வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இதை யாராவது அப்பாவுக்கு வாசித்துக் காட்டினால் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அது ஆட்டுச் சுரப்பி இல்லை என்பதும்.

வெள்ளிக்கிழமை திருத்த வேலையின் முதல் சோதனை. நான் செய்வதா அகாதா செய்வதா என்று வந்தபோது, நீ செய், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அகாதா புதுக் குப்பியின் கழுத்தை உடைத்தாள். கொழுப்பை உலர்த்தினாள், கரைத்தாள், செல்களுக்குக் கொடுத்தாள். இத்தனை நாளில் அவள் வேலை செய்வதை நான் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். மீதியைக் கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டு மூடியைத் திருகினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுரப்பு திரும்பவில்லை. திரும்பக் கூடாது. அவளுடைய பழைய நோட்டை வாங்கி, குளிர்காலத்தின் ஆறு எண்களையும் அன்றைய எண்ணையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். ஏழும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு வருஷ இடைவெளியில், வேறு வேறு மாட்டின் செல்களில், இவ்வளவு நெருக்கமாக எண் விழுகிற கை இந்த ஆய்வகத்தில் வேறு யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து அதை அவளிடம் சொன்னேன்.

அகாதா ஏழு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

“இப்போது சொல்கிறாய்,” என்றாள்.